கழுத்தைப் பிடித்த கை

ஜூன் 8, ஞாயிறு

காலையிலேயே வெயில் கொளுத்தல். முழுகுகிறவர்களைக் காப்பாற்றுகிற லைஃப்கார்டு பயிற்சி, ஏரியில் முதல் நாள். இதுவரை நீச்சல் குளம்; அடி தெரியும். இங்கே பச்சைத் தண்ணீர், என் கையே எனக்குத் தெரியவில்லை. காலில் கொடி சிக்கினால் உதறக் கூடாதாம். மெதுவாக உருவ வேண்டுமாம்.

வந்தவர்களில் நான்தான் வயதில் மூத்தவள். சொல்லித்தருகிற ஷீலா சின்னப் பெண். "பயந்துகினே எறங்காதக்கா," என்றாள். பயமா? இனி பயப்பட எனக்கு என்ன இருக்கிறது.

கிளம்பும்போது என் வீட்டுக்காரர் கேட்டார், "உனுக்கு இன்னாத்துக்கு இது? புள்ள திரும்பி வந்துடுவானா?" டிபன் பாக்ஸை மறந்து போய்விட்டேன். நாளெல்லாம் பசி.

ஜூன் 10, செவ்வாய்

தோள் வலி. தைலம், கேஸ் புக்கிங், ஈர டிரஸ் இன்னும் காயவில்லை.

பஸ் கரையான்சாவடி தாண்டும்போது அந்த மெத்தைக் கடை. ரியாஸ் பஞ்சு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். என் கார்த்தியின் சிநேகிதன். போன வருஷம் கல்குட்டையில் இவன் தத்தளிக்க, கார்த்தி குதித்தான். இவன் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை என்று கரையில் இருந்தவர்கள் சொன்னார்கள். நீச்சல் தெரிந்த என் பிள்ளை போனான். தெரியாதவன் மூட்டை தூக்குகிறான்.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

ஜூன் 15, ஞாயிறு

மேகமூட்டம். காற்று. முழுகுகிற ஆளாக நடிப்பது இன்று என் முறை. காப்பாற்றுவது ஜெனி, கூடப் படிக்கிற பெண்.

"சும்மா கைய அட்ச்சா போதும்க்கா," என்றாள் ஷீலா. அடித்தேன். ஒரு மடக்குத் தண்ணீர் வாய்க்குள் போனது. அதோடு நடிப்பும் போயிற்று. ஜெனியின் கழுத்து என் இரண்டு கைக்குள். நான் பிடிக்கவில்லை, கை பிடித்தது. ஷீலா நீந்தி வந்துதான் பிரித்துவிட்டாள்.

ஜெனியின் கழுத்தில் என் நகக்கீறல். "பரவால்லக்கா, எல்லாரும் இப்டித்தான்," என்று இருமிக்கொண்டே சொன்னாள். கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பயந்துவிட்டேன் என்று நினைத்து யாரோ டீ வாங்கித் தந்தார்கள். சர்க்கரை அதிகம்.

ஜூன் 16, திங்கள்

வேலை முடிந்து மெத்தைக் கடைக்குப் போனேன். ரியாஸ் என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி நின்றான். அவன் அப்பா நாற்காலியைத் துடைத்தார். "வாம்மா, ஒக்காரு." உட்காரவில்லை.

"நேத்து நானும் ஒருத்தி கழுத்த புட்சிகினேன், ரியாஸ். தானா புடிக்குதுடா. அத்த சொல்லத்தான் வந்தேன்."

அவன் நிமிரவே இல்லை. "ஒருவாட்டி கூட அவன் என்ன தள்ளலம்மா," என்றான்.

மன்னித்துவிட்டேனா? தெரியவில்லை. அவனுக்குத் தாடி வந்திருக்கிறது. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

தூறல். இன்று புதுப் பாடம்: பிடியிலிருந்து விடுபடுவது.

ஷீலா பின்னால் வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், நிஜமாகவே இறுக்கி. "மேல வர பாக்காதக்கா. கீழ போ. முழுகுறவனுக்குக் காத்து வேணும். உன்கூட கீழ வர மாட்டான், உட்ருவான்."

மூச்சை இழுத்துக்கொண்டு கீழே போனேன். கை விட்டது. மேலே வந்தேன்.

இவ்வளவுதானா, கார்த்தி. இதை யாரும் உனக்குச் சொல்லவில்லையேடா.