இசபெல்லாவின் உயரத்துக்கு ஒரு நூல்

திருச்செங்கோடு

அன்புள்ள சகாயராணிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? மாமா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

ஒரு சந்தோஷச் செய்தி! எங்கள் பட்டறையில் வெல்டிங் முடிந்த போர்வெல் லாரியை ஓவியர் அறிவுச்செல்வி அக்காவின் ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். இங்கே லாரி வடக்கே கிளம்பினால் திரும்ப மாதக்கணக்காகும். அதனால் லாரியோடு கூடவே போகிற முதலாளிமார் தங்கள் பிள்ளையைக் கதவில் வரையச் சொல்கிறார்கள். அக்காவுக்கு போட்டோ மட்டும் போதாது. பிள்ளையின் உயரத்துக்கு அளந்த நூலும் வேண்டும். நூலைக் கதவில் ஒட்டி, பாதத்திலிருந்துதான் வரையத் தொடங்குகிறார். பிள்ளை நேரில் வந்து நிற்கிற மாதிரியே இருக்கிறது!

நம் இசபெல்லாவையும் எனக்காக ஒரு தகரத்தில் வரைந்து தருவதாகச் சொன்னார். குஷியில் அங்கேயே ஒரு தகரத்தை என் தொடை உயரத்துக்கு வெட்டி நீட்டினேன். அவள் வயதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஏனுங்க தம்பி, இது நீங்க ஊட்ட உட்டு வந்தப்ப இருந்த பாப்பாவுக்குங்க.”

போனில் முகம்தானே தெரிகிறது.

பெரிய தகரமாக எடுத்து வைத்துவிட்டேன். அவளைச் சுவரோடு நிறுத்தி, நூலில் அளந்து, கவரில் போட்டு அனுப்பு. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அப்பாவுக்கு என்றால் நுனிக்காலில் நிற்பாள். குதிகாலை அமுக்கிப் பிடித்துக்கொள்.

உன்
பெனடிக்ட்