சட்டையில் வேறு வாசனை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் இவர் சட்டையில் சென்ட் வாசனை. நேற்று ரோஜா மாதிரி, இன்று ஏதோ எலுமிச்சை. ஒருத்தி என்றால்கூடப் புரியும். நாளுக்கொரு வாசனை என்றால் எத்தனை பேர்?

ஹோட்டல் பாரில் சிங்கிள் மால்ட் விஸ்கியை முகர்ந்து, ருசித்து, வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்வது இவர் வேலை. மூக்குதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அந்த மூக்குக்காகவே கல்யாணமான நாளிலிருந்து எனக்கு வாசனை சோப்பு, பவுடர் எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட மனுஷன்!

மார்ச் 6, வியாழன்

அக்காவிடம் போனில் சொல்லி அழுதேன். "தப்பு பண்றவன் சட்டையை ஒளிச்சு வைப்பான்டி. இவரு துவைக்க உன் கையிலயே குடுக்கறாரே?" என்றாள். அதுதான் எனக்கும் உறுத்துகிறது. அவ்வளவு துணிச்சலா?

மார்ச் 7

பால் அடிப்பிடித்து வீடே நாறியது. இவர் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தார். மனசு இங்கே இருந்தால்தானே.

மார்ச் 10, திங்கள்

இவர் பின்னாலேயே போனேன். வெட்கமாக இருந்தது, போனேன்.

சென்ட் கடைக்குள் நுழைந்தார். எவளுக்கு வாங்குகிறாரோ என்று வாசலில் நின்று பார்த்தேன். வாங்கவில்லை. சாம்பிள் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைக் கையில் அடித்து, மூக்கோடு வைத்து அழுத்தினார். கண் கலங்கியிருந்தது.

நான் எதிரில் போய் நின்றேன்.

"வாசனை ஒண்ணுமே தெரியலம்மா. போன மாசம் வந்த காய்ச்சலோட போச்சு. ஏதாவது ஒண்ணாவது மூக்குல ஏறுதான்னு தினம் வந்து பாக்கறேன்."

"பார்ல எப்படிச் சமாளிக்கறீங்க?"

"பழைய பாட்டிலுக்கு ஞாபகத்துல இருந்து சொல்றேன். வெள்ளிக்கிழமை புதுசு திறக்கறாங்க. முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்."

வழி நெடுக, திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்திருந்தேன். கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

மார்ச் 12

முகரும் சக்தி திரும்பலாம் என்கிறார் டாக்டர், திரும்பாமலும் போகலாம் என்கிறார்.

வெள்ளிக்கிழமை இவர் மூக்குக்குப் பதில் என் மூக்கு என்று முடிவு; வீட்டில் விஸ்கி ஊற்றி எனக்குப் பாடம். "குடிக்காத. வாயைக் கொஞ்சம் திறந்துக்கிட்டு மோந்து பாரு. இப்ப ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு மறுபடி பாரு." முதலில் மூக்கு எரிந்தது. பிறகு, "மருந்துக்கடை வாசனை வருது" என்றேன். "புகை போட்ட மால்ட் அப்படித்தான் இருக்கும்!" என்று துள்ளினார். எத்தனை நாளாயிற்று இவர் இப்படிச் சிரித்து!

மார்ச் 14, வெள்ளி

பாரில் இவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். புதுப் பாட்டில் திறந்தார்கள். நான் முகர்ந்து, இவர் காதில் சொன்னேன்: ஈரக் கயிறு, சுட்ட ஆப்பிள், கடைசியில் கொஞ்சம் மிளகு. இவர் அதையே மெருகேற்றிப் பேசப் பேச, எல்லோரும் கைதட்டினார்கள்.

எதிர் மேஜை அம்மாள் தன் கணவரை இடித்து, "பாருங்க, இந்த வயசுலயும் காதுல என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கு!" என்றாள். மேஜையே சிரித்தது. நானும் வெட்கப்படுகிறவள்போல் தலையைக் குனிந்துகொண்டேன்.

முதலாளி மட்டும் சிரிக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.