பவளத்துக்கு மாற்றிய நான்கு விளக்குகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் அருளால் இங்கே எல்லோரும் சுகம், நீயும் சுகமாயிருக்க இரண்டு வேளையும் வேண்டிக்கொள்கிறேன். இன்று காலை பத்தே காலுக்கு உன் மீன்தொட்டி முன்னால் இருந்தவர்கள்: நான், உன் அப்பா, மூக்குக்கண்ணாடியை மாடியிலேயே விட்டுவிட்டு வந்த உன் அத்தை, தொட்டிக்குள் கோமாளி மீன் இரண்டு. இத்தனை சாட்சியோடு சொல்கிறேன், தொட்டிக் கல்லில் ஒட்டி வளர்கிற உன் பவளம் பிழைத்துவிட்டது. போனில் சொன்னால் அப்பா நடுவில் பிடுங்கிப் பேசிவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் நீ, அது வெளுத்துப் போச்சும்மா, இனிமே தேறாது, ஐந்தாம் தேதி ஒருத்தர் வருவார், தொட்டியோட குடுத்துடு என்று சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போனாய். கட்டைவிரல் அளவில் வாங்கி வளர்த்தவள் குரல் எனக்குத் தெரியாதா. சரி என்று சொல்லிவிட்டு, சிலிண்டர் மாற்றும் தேதி எழுதுகிற நோட்டை எடுத்துப் பார்த்தேன். நீ நான்கு குழல் விளக்கும் மாட்டிய தேதி அதில் இருந்தது, பதினாறு மாதம் ஆகியிருக்கிறது. அப்பாவோ, எரியுதில்ல, அப்புறம் எதுக்கு மாத்தணும் என்றார். அலமாரியில் நீ பிரிக்காமல் வைத்துப் போன ஒரு விளக்கை மட்டும் மாட்டிக் காட்டினேன். அதன் பக்கத்தில் பழையவை மூன்றும் ஆறிப்போன டீ மாதிரி தெரிந்தன. தினம் பார்த்த கண்ணுக்கு அதுவரை தெரியவில்லை பார். அப்பா கடைக்குப் புறப்படச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

முதல் கடைக்காரர் படுக்கையறை நீல விளக்கை நீட்டி, நீலம்தானே கேட்டீங்க, மீனுக்கு என்னம்மா தெரியப் போகுது என்றார். மீனுக்கு இல்லப்பா, பவளத்துக்கு, அது வெளிச்சத்தைத் தின்னுதான் உயிர் வாழுது என்றேன். பழைய பெட்டியில் இருந்ததை அகராதி பார்த்து எழுத்துக்கூட்டி எழுதிய சீட்டைக் காட்டினேன்: நீளம், வாட், நிறத்துக்கான கெல்வின் எண். மூன்றும் ஒத்துப்போகாததைத் தொடமாட்டேன் என்று நின்றேன். மூன்றாவது கடையில்தான் கிடைத்தது. என்னைக் கட்டிக்கும்போது இவ்வளவு விசாரிக்கலையே நீ என்று அப்பா வழியெல்லாம் கிண்டல். வாரத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும் என்று படித்து வைத்திருந்தேன், ஆனால் நான் பிரார்த்தனையில் உட்கார்ந்த நேரம் பார்த்து, உதவி செய்வதாக நினைத்து மனிதர் மூன்றையும் மாட்டிவிட்டார். திடீர் வெளிச்சத்தில் பவளம் சுருங்கிக் கல்லோடு கல்லாகிவிட்டது. அன்று அவர் சாப்பிடவே இல்லை. நான் கொசுவலையை ஆறு மடிப்பாக்கித் தொட்டியின் கண்ணாடி மூடி மேல் விரித்து, நான்கு நாளைக்கு ஒரு மடிப்பாக எடுத்து வந்தேன். தினமும் விளக்குப் போட்டதும் முதலில் போய்க் குனிந்து பார்ப்பவர் அப்பாதான். இன்று கடைசி மடிப்பையும் எடுத்தோம். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஒவ்வொரு விரலாக விரித்தது, நுனியெல்லாம் பச்சை. கண்ணாடி போடாத அத்தையே, பச்சைடி அது, பச்சை என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா அப்பால் திரும்பி மூக்கைச் சிந்தினார், ஜலதோஷமாம்.

வேளைக்குச் சாப்பிடு. உன் அறை விளக்கும் மங்கல் என்றாயே, அதையும் மாற்று. ஆண்டவன் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். தொட்டி உன்னுடையது, நீ வாக்குக் கொடுத்த அந்த மனிதரை நானாகத் திருப்பி அனுப்ப முடியாது. ஐந்தாம் தேதிக்கு முன்னால், கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு வரி பதில் போடு.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அம்மா