சுவரில் சாயாதீங்க

ஜூன் 14, சனி

எங்கள் தெருவில் லாட்ஜ் ஆகாமல் மிஞ்சியிருப்பது எங்கள் பழைய வீடு மட்டும்தான். அதைப் புதுப்பித்து விலைக்கு வைத்திருக்கிறோம். இடித்துக் கட்டுகிறவர்களுக்குக் கொடுக்க மனமில்லை. இன்று திருமங்கலத்திலிருந்து ஒரு டீச்சரும் கணவரும் தாங்கள் குடியிருக்க விலைக்குக் கேட்டு வந்தார்கள். நானோ, "சுவத்துல சாயாதீங்க, சுண்ணாம்புல முட்டையும் கடுக்காயும் போட்டு நானே பூசுனது" என்று அவர்கள் பின்னாலேயே திரிந்தேன்.

"அண்ணே, வீட்டை விக்கிறீங்களா, பொண்ணு குடுக்குறீங்களா?" என்றார் டீச்சர்.

என் மனைவி மேரி தலையில் அடித்துக்கொண்டாள். வியாபாரத்தைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

டீச்சர் சிரித்தார். "நாங்களே வாங்கிக்கிறோம். ஆனா வருசா வருசம் கிறிஸ்துமசுக்கு வெளிச்சுவத்துக்கு நீங்கதான் வந்து சுண்ணாம்பு அடிக்கணும். இம்புட்டுப் பக்குவம் எங்களுக்கு வராது."

உடனே தலையாட்டிவிட்டேன்.

"வித்த வீட்டுக்கே வேலைக்குச் சேந்த ஆளு நீங்கதான்" என்று மேரி இன்னும் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். சுண்ணாம்பு அடிக்கிற மட்டை புதிதாக வாங்க வேண்டும்.