உம்மாவின் பாக்குவெட்டி

என் கண்ணான மகளுக்கு வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது.

எனக்குச் சுகம்தான். சோறு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது. ஏனென்றுதான் விளங்கவில்லை.

நம்முடைய பழஞ்சாமான் கடையில் நான் சொல்லும் பொய் உனக்குத் தெரியும்தானே? துரைமார் எதையாவது கையில் எடுத்தால், "இது விற்கிறதுக்கில்ல துரை, என் பொஞ்சாதியோடது" என்பேன். உடனே விலை ஏறும். உம்மா திரைக்குப் பின்னால் நின்று, "எனக்கெதுக்கு வாளும் கேடயமும், யுத்தத்துக்கா போறேன்?" என்று சிரிப்பா.

நேற்று கலஹா தோட்டத்து வெள்ளைக்கார நோனா வந்தா. உம்மாவின் பாக்குவெட்டி என் மேசையில் சும்மா கிடந்தது. அதை எடுத்துக்கொண்டா.

"விற்கிறதுக்கில்ல, என் பொஞ்சாதியோடது" என்றேன். சிரித்துக்கொண்டே விலையைக் கூட்டினா. திரும்பவும் அதையே சொன்னேன், திரும்பவும் கூட்டினா. எனக்குத் தெரிந்த இங்கிலீசு அவ்வளவுதானே, மகள்.

கடைசியில், எப்படியோ வார்த்தை தேடி, "அவ மௌத்தாகிட்டா, இப்ப உயிரோட இல்ல" என்றேன். நோனா கைதட்டிச் சிரித்து, அதற்கும் கூட்டினா.

பாக்குவெட்டியை அவ கையிலிருந்து வாங்கி மடியில் செருகிக்கொண்டேன். நம்ம கடைப் பையன் முனாபிடம் கொடுத்து நாவலப்பிட்டிக்கு, உன் வீட்டுக்கு, அனுப்பியிருக்கிறேன். அது உன்னிடமே இருக்கட்டும்.

உம்மா மௌத்தானதை நான் என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

உனக்காகத் துஆ கேட்கும்,
வாப்பா