ப்ரைமர் போடாத வண்டி

டர்லக், கலிபோர்னியா
மே 6, 2009

நார்பர்ட்டுக்கு,

நலமா என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். போன் இருக்கும்போது ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் பேசினால் மறுநாளே "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்பாய். தாளில் இருந்தால் அந்த வித்தை நடக்காது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டுக்கு விலை சொல்லப் போனேன். இரண்டு கதவு சரியாகச் சாத்தவில்லை என்றுதான் அந்த அம்மாள் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் வீடு துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. வாசலில் ஒரு செருப்புக்கூட இல்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு கொடுத்தாள். "வந்தது வந்துட்டீங்க, அந்தக் குளியலறை டைல்ஸையும் ஒரு பார்வை பாத்துடுங்களேன்" என்றாள். பிறகு சமையலறைச் சுவர். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தாளில் விலை எழுதித் தரச் சொன்னாள். நானும் மடச்சி மாதிரி எழுதிக் கொடுத்தேன்.

கான்ட்ராக்டர் லைசென்ஸ் இல்லாமல் சில்லறை ரிப்பேர் செய்கிறவர்கள் பொருள், கூலி எல்லாம் சேர்த்து ஐநூறு டாலருக்குள் நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? அந்த ஜூஸில் மயங்கி அதைத் தாண்டிவிட்டேன். தாளைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் இருமினாள். பக்கத்து அறையிலிருந்து பேட்ஜைக் காட்டிக்கொண்டு லைசென்ஸ் அலுவலகத்து அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். வீடே அவர்கள் ஏற்பாடு. ஜூலையில் விசாரணை.

இந்த ஊரில் லைசென்ஸ் இல்லாமல் வேலி அடிக்கிறவன், கூரை ஒட்டுகிறவன் எத்தனை பேர்? அவர்களையெல்லாம் விட்டுவிட்டு என்னைத் தேடி வருவானேன்? யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தேவாலய மண்டபத்துச் சமையலறையைப் புதுப்பிக்கும் வேலையை நானும் கேட்டிருக்கிறேன், நீயும் கேட்டிருக்கிறாய். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நானும் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். குறைந்தது நாலு வருஷம் வேலை செய்தேன் என்பதற்கு, கண்ணால் பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நீ ஒருத்தன்தான். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். லைசென்ஸ் இல்லாதவர்களுக்கு மண்டப வேலை கிடையாது என்று பாதிரியார் சொல்லிவிட்டார். உன் கையெழுத்து இல்லாவிட்டால், ஆயுசுக்கும் அடுத்தவர் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

டியோலிண்டா


லோஸ் பானோஸ்
மே 15

அன்புள்ள லிண்டா,

கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது.

நான்தான் போட்டுக் கொடுத்தேன் என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறாய். உன்னைப் பிடித்துக் கொடுத்து எனக்கு ஆகப்போவது என்ன? ஆனால் நீ இந்த நேரம் பார்த்துக் கையெழுத்துக் கேட்பதுதான் எனக்கு இடிக்கிறது. நம் விவாகரத்து வழக்கு இன்னும் முடியவில்லை. "என்னோடு பதினோரு வருஷம் வேலை செய்தாள்" என்று நான் இன்றைக்கு எழுதினால், நாளைக்கு உன் வக்கீல் அதை நீதிபதி மேசையில் விரித்து, கம்பெனியில் பாதியை எடு என்பார். அண்ணனிடம் காட்டினேன். "அவ கையெழுத்தக் கேக்கலடா, உன் தொழிலக் கேக்குறா" என்றான். அண்ணன் எல்லாவற்றையும் தப்பாகச் சொல்கிறவன் இல்லை.

உன் அக்கா ஈஸ்டருக்கு இனிப்பு ரொட்டி அனுப்பியிருந்தாள். நீ அனுப்பச் சொன்னதா? அப்படியானால் ஏன் என்று தெரிந்தால் நல்லது.

வண்டியை இன்னமும் வெயிலில்தான் நிறுத்துகிறாயா?

நார்பர்ட்


டர்லக்
மே 24

நார்பர்ட்,

ரொட்டியை நான் அனுப்பச் சொல்லவில்லை. அக்காவுக்கு உன் மேல் இன்னும் பாசம் இருக்கிறது. எனக்கு அந்தக் குறை இல்லை.

உன் கம்பெனியில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். என் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "இதை அனுப்புனீங்கன்னா என்னை எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். பரவாயில்லை. நீ உன் தொழிலை வைத்துக்கொள், என்னை என் தொழிலைச் செய்ய விடு. இனி உனக்கு என்ன பயம்?

ஆனால் ஒன்று என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அன்றைக்கு நோட்டீஸ் எழுதிக்கொண்டே அந்த மூத்த அதிகாரி, "நார்பர்ட் அவிலா உங்க வீட்டுக்காரர்தானே?" என்றார். உன் பெயரை நான் எடுக்கவே இல்லை. என் கார்டில் "டியோலிண்டா, சில்லறை ரிப்பேர், லைசென்ஸ் இல்லை" என்று மட்டும்தான் இருக்கிறது. இல்லாததை இல்லை என்று அச்சடிக்க வேண்டும் என்பது சட்டம், அதைக்கூட மீறவில்லை. அப்படியிருக்க உன் பெயர் அவர் வாயில் எப்படி வந்தது?

நீ எதையோ விழுங்குகிறாய். உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். வண்டியைப் பற்றி நீ எதற்குக் கேட்டாய்?

டியோலிண்டா


லோஸ் பானோஸ்
ஜூன் 8

அன்புள்ள லிண்டா,

தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். செய்த வேலை என்ற இடத்தில் "அவ்வப்போது சிறு உதவிகள் செய்ததுண்டு" என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் என்னால் எழுத முடியாது. ஏன் என்று கேட்காதே.

என் பெயரை அதிகாரி எப்படித் தெரிந்துகொண்டார் என்று என்னிடம் கேட்டால் எப்படி? அவர்களுக்கு எல்லாம் தெரியும். வண்டியைச் சும்மாதான் கேட்டேன். ஒருவரை ஒருவர் நலம் விசாரிப்பதுகூட இப்போது குற்றமா?

நீ அனுப்பிய பங்குத் தாள் பத்திரமாக இருக்கிறது.

நார்பர்ட்


டர்லக்
ஜூலை 17

நார்பர்ட்,

நேற்று விசாரணை முடிந்தது. அபராதம் கட்டிவிட்டேன். அது எனக்கு வலிக்கவில்லை.

முடிந்த பிறகு அந்த மூத்த அதிகாரியை நடைபாதையில் நிறுத்தி, என் மேல் எப்படிச் சந்தேகம் வந்தது என்று கேட்டேன். நல்ல மனுஷன். சொன்னார். நீ வீட்டை விட்டுப் போன அன்று, வண்டியில் எழுதியிருந்த உன் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் வெள்ளை பெயிண்ட் அடித்து மறைத்தேன் அல்லவா? நான் ஏறாத பக்கத்தில் அது உரிந்து, உன் எண் பல்லைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. யாரோ அதைக் குறித்துக்கொண்டு, இந்த லைசென்ஸ்காரர்தான் இந்தப் பெண்ணை அனுப்புகிறாரா என்று அலுவலகத்தில் விசாரித்திருக்கிறார்கள். அலுவலகத்தில் உன்னைக் கேட்டிருக்கிறார்கள்.

இதுவரைக்கும் உன் தப்பு ஒன்றும் இல்லை. லைசென்ஸை அடுத்தவருக்கு இரவல் கொடுத்தால் உன் பிழைப்பு போய்விடும். "இப்ப எங்கூட வேலை செய்யலை" என்று சொல்லியிருந்தால் போதும், அது நிஜமும்கூட. நீ சொன்னதை அவர் தாளைப் பார்த்து எனக்கு வாசித்துக் காட்டினார். "அவளா? எங்கிட்ட ஒரு நாளும் வேலை செஞ்சதில்ல. மத்தியானம் சாப்பாடு கொண்டு வருவா, அவ்வளவுதான்."

அங்கே நின்றபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ காட்டிக் கொடுத்திருப்பாய் என்றுதான் இரண்டு மாதமாக நினைத்தேன். அதைத் தாங்கியிருப்பேன், கோபத்தில் யாரும் எதுவும் செய்வார்கள். சில்வேரா வீட்டுக் குளியலறை நினைவிருக்கிறதா? நீ தரைக்குச் சரிவை மாற்றிப் போட்டதில் தண்ணீரெல்லாம் வாசலுக்கு ஓடியது. நான் உட்கார்ந்து மொத்தத்தையும் உடைத்து மறுபடி போட்டேன். வீட்டுக்காரரிடம் "நானே உடைச்சுப் போட்டுட்டேன்" என்று நீ சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் நின்றேன். நமக்குள்தானே என்று நினைத்தேன்.

உன் "சிறு உதவிகள்" தாளைத் திருப்பி அனுப்புகிறேன். இன்னொரு வெற்றுத் தாளும் வைத்திருக்கிறேன். செய்ததை எழுதினால், நீ அவர்களிடம் சொன்னது பொய்யாகிவிடும், உன் லைசென்ஸுக்கே ஆபத்து வரலாம். அது எனக்குத் தெரியும். அதனால் கெஞ்சவில்லை. முடியாவிட்டால் வெற்றுத் தாளாகவே திருப்பி அனுப்பு. இனி நான் எழுத மாட்டேன்.

டியோலிண்டா


லோஸ் பானோஸ்
ஆகஸ்ட் 11

அன்புள்ள லிண்டா,

நீ எழுத மாட்டேன் என்றால் எழுத மாட்டாய். ஆனாலும் தினமும் தபால் பெட்டியைப் பார்த்தேன்.

அவர்கள் கேட்டபோது நான் பயந்துவிட்டேன். வேலை செய்தாள் என்று சொன்னால், சம்பளம் எங்கே, காப்பீடு எங்கே என்று அடுத்த கேள்வி வரும். உனக்கு நான் இரண்டும் கொடுத்ததில்லை. அதனால் சாப்பாடு என்று வாயில் வந்தது. வந்ததை அப்படியே விட்டுவிட்டேன்.

போன வாரம் அலுவலகத்துக்கு நானே போனேன். அந்த மூத்த அதிகாரியிடம், "அன்னைக்குச் சொன்னத மாத்தணும்" என்றேன். "எத?" என்றார். "சாப்பாடு கொண்டு போனது நான். வேலை செஞ்சது அவ" என்றேன். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். செப்டம்பரில் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கொஞ்ச காலத்துக்கு லைசென்ஸை நிறுத்தி வைப்பார்கள் போலிருக்கிறது. மண்டப வேலை எனக்கு வேண்டாம் என்று பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

தாளை நிரப்பியிருக்கிறேன். அதில் இருந்த இடம் போதாமல் தனித் தாள் சேர்த்தேன். சில்வேரா வீட்டுக் குளியலறையைத்தான் முதலில் எழுதினேன். சரிவைத் தப்பாகப் போட்டது யார் என்பதும் அதில் இருக்கிறது. அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்துக்கொள். என்னை நம்பி இருக்காதே.

பங்கு வேண்டாம் என்று நீ எழுதியதையும் திருப்பி வைத்திருக்கிறேன். பதினோரு வருஷம் என்று என் கையால் எழுதிய பிறகு அதை நான் வைத்துக்கொள்ள முடியாது. உன் வக்கீலிடம் கொடு, மனுஷன் தலையில் அடித்துக்கொள்வதை நிறுத்தட்டும்.

லைசென்ஸ் வந்ததும் வண்டியில் உன் எண்ணை எழுதுவாய். அதற்கு முன்னால் என் எண்ணை உப்புத்தாள் வைத்து நன்றாகத் தேய்த்துவிடு. அடிப்பூச்சாக ப்ரைமர் போட்டு, அது காய்ந்த பிறகு பெயிண்ட் அடி. இது உனக்குத் தெரியாததில்லை, அன்றைக்குக் கோபத்தில் ப்ரைமரை விட்டுவிட்டாய். இந்த முறை நிதானமாகச் செய். அடியில் யார் பெயர் இருந்தது என்று யாருக்கும் தெரியக் கூடாது.

நார்பர்ட்