நின்றுபோன மூன்றாம் ஓலை

சேசு மரி சூசை துணை

நெய்வேலி
26-4-1967

அன்பு மகன் பிலவேந்திரனுக்கு அப்பா எழுதுவது.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நீ பங்குச்சாமியாருக்குக் கடிதம் எழுதி, உன் தங்கை சலேத்மேரியின் கலியாணத்துக்கான மூன்றாவது ஓலையை நிறுத்திவிட்டாய். அவளுக்கு அநியாயம் செய்தாய். இதை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுத எனக்குக் கை வரும். இனிமேல் சுகம் விசாரிக்கிறேன். இங்கே நானும் அம்மாவும் சலேத்தும் உடம்பளவில் சுகம். பிலாயில் நீயும் மருமகள் பிலோமினாவும் பேரப்பிள்ளைகள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க மாதா துணை நிற்கட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, கோவிலில் முட்டி போட வேண்டாம் என்றால் கேட்பதில்லை. வெயில் ஆரம்பித்துவிட்டது, கொடியில் போட்ட வேட்டியில் பவர் ஹவுஸ் சாம்பல் விழுகிறது என்று காற்றைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். உன்னைத் திட்ட வேண்டியதையும் சேர்த்துத்தான் காற்றைத் திட்டுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளை வேறு வேதமாக இருந்தால் நம் கோவிலில் வழக்கமாக ஓலை வாசிப்பதில்லை. சாமியாரும் அதைத்தான் சொன்னார், புதுச்சேரி பிஷப் ஆண்டவரிடமிருந்து கலியாணத்துக்கு அனுமதி வந்துவிட்டது மதலைமுத்து, ஒரு காலையில் அமைதியாக முடித்துக்கொள்ளலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் மகள் யாருக்கும் ஒளிந்து தாலி வாங்கிக்கொள்ளப் போவதில்லை, மற்றப் பெண்களுக்குச் செய்வதுபோல மூன்று ஞாயிறும் பிரசங்கத்துக்குப் பிறகு இரண்டு பெயரையும் படியுங்கள், தடை ஏதாவது தெரிந்தவன் வந்து சொல்லட்டும் என்று மூன்று தடவை போய் நின்றேன். அவர் மறுபடியும் புதுச்சேரிக்கு எழுதி அதற்கும் அனுமதி வாங்கினார். இம்மாதம் ஒன்பதாந்தேதி முதல் ஓலை, பதினாறாந்தேதி இரண்டாவது. எல்லா ஜில்லாவிலிருந்தும் பிழைக்க வந்த சனங்கள் கோவில் கொள்ளாமல் இருந்தார்கள், ஒருவர் வாய் திறக்கவில்லை. இருபத்துமூன்றாந்தேதி உன் அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தாள். சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் பெயரைப் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்துவிட்டார். சலேத் தலையை நிமிர்த்தியபடியே பூசை முடியும்வரை இருந்தாள், அந்தத் தைரியம் எனக்கு இல்லை, நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாமியார் என்னை மட்டும் கூப்பிட்டு, ஒரு தடை எழுதி வந்திருக்கிறது என்றார். யார் எழுதியது என்று அவர் சொல்வதற்கு முன்பே மேசைமேல் இருந்த உறையைப் பார்த்துவிட்டேன். உன் ஸ்லேட்டைப் பார்த்து எழுத்துக் கற்றுக்கொண்டவன் நான். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா. ஊரையே கேட்கச் சொல்லி நான் சண்டை போட்டு வாங்கிய கேள்விக்கு என் வீட்டிலிருந்தே பதில் வந்தது.

மாப்பிள்ளை கொளஞ்சியப்பன் அஞ்ஞானி, கட்சிக்காரன், ஜெயிலுக்குப் போனவன், தன் ஊர் வடக்குத்தில் அத்தை மகளுக்குப் பரிசம் போட்டுவிட்டு ஏமாற்றியவன் என்று நீ எழுதியிருப்பதாகச் சாமியார் சொன்னார். முதல் மூன்றும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் நான்கு மாதம் இந்தப் பேச்சையே நான் வீட்டில் எடுக்கவிடவில்லை. இருவரும் கம்பெனி பஸ்ஸில் பார்த்துப் பழகியவர்கள், சலேத் நேராக வந்து என்னிடம் சொன்னாள், நான் அவள் கையால் காப்பி வாங்கிக் குடிப்பதை நிறுத்தினேன். அவள் ஒரு நாளும் காப்பி வைப்பதை நிறுத்தவில்லை. பர்ஸ்ட் ஷிப்டுக்கு நான் கிளம்பும்போது டம்ளர் மூடி வைத்திருக்கும், நான் அதைத் தாண்டிப் போவேன். கொளஞ்சியப்பன் டிசம்பரில் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது நான் உட்காரச் சொல்லவில்லை. அம்மா உள்ளேயிருந்து நாற்காலி என்று முணுமுணுத்தாள். அவன் கேட்டுவிட்டு, இருக்கட்டுங்க அம்மா, மைன்ஸ்ல எட்டு மணி நேரம் நின்னுகினுதான இருக்கேன், ஐயா வூட்ல ஒரு மணி நேரம் நிக்க மாட்டனா என்றான். நின்றுகொண்டே பேசினான். கடவுள் இல்லை என்கிறாயா என்று கேட்டேன். இல்லைன்னு சொல்ற அளவுக்கும் எனக்குத் தெரியலைங்க, இருக்காருன்னு சொல்ற அளவுக்கும் தெரியலைங்க, தெரியாததைத் தெரியும்னு சொல்ல வரலைங்க என்றான். பிப்ரவரித் தேர்தலில் நான் காங்கிரசுக்குத்தான் ஓட்டுப் போட்டேன், இனியும் அப்படித்தான், அது அவனுக்கும் தெரியும். அவன் கட்சி ஜெயித்த அன்று எல்லோரும் வெடி போட்டுக்கொண்டு போனார்கள், அவன் எங்கள் பிளாக் வழியாக வராமல் சுற்றிக்கொண்டு போனான் என்று பிறகு தெரிந்தது. அறுபத்தைந்தில் இந்தி வேண்டாம் என்று கத்திவிட்டுக் கடலூர் ஜெயிலில் இரண்டு மாதம் இருந்தானே, அதைக் கேட்டேன். அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. ரோமாபுரியில் சங்கம் கூடிய பிறகு பூசை தமிழில் வந்துவிட்டதல்லவா, அதைச் சொல்லி, நாங்க கடலூர்ல கத்தினது உங்க போப்பாண்டவர் காதுக்குக் கேட்டுப்போச்சுங்க, டில்லிக்காரங்களுக்குத்தான் இன்னும் கேக்கலை என்றான். உன் அம்மா அடுப்பங்கரையில் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த தடவை வந்தபோது உட்காரச் சொன்னேன்.

இனி நான் அவனை மதித்த இடத்தைச் சொல்கிறேன். ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டால் எந்த அனுமதியும் வேண்டாம், எல்லாம் சுலபம். கோவில் வாசலில் நான்கு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். தலைல கொஞ்சம் தண்ணி ஊத்திக்கினு ஒரு பேரு வெச்சுக்கினா வேலை முடிஞ்சுதுப்பா, அப்புறம் நீ வந்தா என்ன வராங்காட்டி என்ன என்று ஒருவர் சொன்னார். அவர் பெயர் வேண்டாம், உனக்கு வேண்டியவர்தான். கொளஞ்சியப்பன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான், நம்பாம தலைய நீட்டினா உங்க சாமிய ஏமாத்தறது ஆவாதுங்களா, அது வூட்டுப் பொண்ணைக் கேட்டு வந்துட்டு அதையே ஏமாத்தறதா, என்னிக்காவது நம்பிக்கை வந்தா நானே வந்து நிக்கறேங்க என்றான். அதன் பிறகு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தடை சொல்வதில்லை, மனைவி கோவிலுக்குப் போவதைத் தடுப்பதில்லை என்று கையெழுத்துப் போடும் காகிதம் வந்தது. அது இங்கிலீஷில் இருந்தது. அவன் உடனே போடவில்லை, வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டான், இரண்டு இடத்தில் எதிர்க்கேள்வி கேட்டான், அதற்கெல்லாம் முக்கால் மணி நேரம் ஆயிற்று, அப்புறம் போட்டான். இப்படிக் கேட்டுப் போட்டவனைத்தான் நான் நம்புவேன் என்று சாமியார் என்னிடம் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து சலேத் கையால் காப்பி வாங்கிக் குடித்தேன். சர்க்கரை ஒரு கரண்டி கூட இருந்தது.

நீ எழுதியதில் நாலாவதுதான் தடை, அதுதான் பொய். சிங்காரவேல் உனக்கு எழுதினான், பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் சொன்னால் வேதவாக்கு என்று நீ எடுத்துக்கொண்டாய். நேற்று செவ்வாய்க்கிழமை கொளஞ்சியப்பன் அந்த அத்தை மகள் செங்கமலத்தையே சாமியார் முன்னால் கூட்டிவந்தான். அவளுக்குக் கலியாணமாகி ஐந்து வருஷம், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, புருஷன் சைக்கிளோடு வெளியே நின்றான். எனக்குப் பரிசம் போட்டாருன்னு யாரு சாமி சொன்னது என்று அவள் போட்ட சத்தத்தில் கோவில் புறாவெல்லாம் பறந்தது. பத்து வயசுல கொடுக்காப்புளி அடிச்சுக் குடுப்பாரு, அதுதான் எங்க மாமன் போட்ட பரிசம், அதுலயும் பாதி சொத்தை, இந்த மூஞ்சியைக் கட்டிக்கினு நான் என்ன பண்றது, உங்க பொண்ணு பாவம், வேணும்னா அதுக்கு ஒரு தடை எழுதுங்க என்றாள். சாமியாரே சிரித்துவிட்டார். சிரிக்காதவள் கொளஞ்சியப்பனின் அம்மா வீராயிதான். அவள் என்னைப் பார்த்து, உங்க மவன் உங்க சாமியாருக்குப் பிராது எழுதினாருல்ல, நானும் மணவாளநல்லூர் கோயிலுக்குப் போயி எங்க கொளஞ்சியப்பர் சாமிக்கு உங்க மவன் மேல பிராது எழுதிக் கட்டறேன், எது மொதல்ல போயி சேருதுன்னு பாத்துக்கலாங்க என்றாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். மனசுல வெக்கலைங்க, காயிதத்துலதான் வெக்கப் போறேன் என்றாள். கட்டிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். எழுதினவங்களே போயி திருப்பி எழுதிக் குடுத்தாத்தான் அது எறங்கும் என்றாள். பக்கத்தில் இருந்த சாமியாரும் அதையேதான் சொன்னார், விசாரித்தேன், பொய் என்று தெரிகிறது, ஆனால் பெண்ணின் கூடப்பிறந்தவனே எழுதிக் கொடுத்த தடை இது, எழுதியவனே வாபஸ் வாங்கி எழுதினால்தான் நான் மூன்றாவது ஓலையைப் படிக்க முடியும், இல்லாவிட்டால் எல்லாக் காகிதமும் திரும்பப் புதுச்சேரிக்குப் போகும், எத்தனை மாதமோ என்றார். கட்சிக்காரர்கள் கொளஞ்சியப்பனிடம், ரிஜிஸ்டர் ஆபீசில் போட்டுக்கொள், பாதிரியாரிடம் உனக்கு என்ன வேலை என்கிறார்களாம். கோவில்லதான் வேணும்னு சலேத்து சொல்லுது, அதனால நான் நிக்கறேங்க என்கிறான். நம்பாத அவன் நம் பீடத்துக்காக நின்றுகொண்டிருக்கிறான், பீடத்தில் பூசைக்கு உதவி செய்து வளர்ந்த நீ வாசலை அடைத்துவிட்டுப் போனாய்.

நம் குடும்பத்துக்கு இது இழுக்கு, அப்பா மனந்திரும்பியவர், அவர் பெயர் என்ன ஆகும் என்றும் எழுதியிருக்கிறாயாம். இதற்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது. கோணான்குப்பம் தேரில் மாதா சுரூபத்தைப் பார்த்து மனந்திரும்பினேன் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன். அது பொய். தேரில் நான் பார்த்தது உன் அம்மாவை. வேதத்தில் சேராதவனுக்குப் பெண் இல்லை என்று உன் தாத்தா சொன்னார், கண்ணையனாக இருந்தவன் மதலைமுத்துவாகிவிட்டேன். விசுவசிக்கிறாயா என்று சாமியார் கேட்டபோது விசுவசிக்கிறேன் என்றேன், ஒரு எழுத்தும் விசுவசிக்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் கைநாட்டு வைத்தேன். பதினோரு வருஷம் பூசையில் நன்மை அப்பம் வாங்கினேன், நாக்கில் மாவு என்றுதான் நினைத்தேன். உன் அம்மாவுக்குத் தெரியும், ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. சாயந்திர ஜெபமாலை முடிந்ததும் இன்னும் ஒருத்தருக்காக என்று அவள் ஒரு அருள் நிறைந்த மந்திரம் அதிகமாகச் சொல்வாளே, உனக்கு நினைவிருக்கும். சலேத் பிறந்தபோது அம்மா பேச்சுமூச்சில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், வீட்டில் நான் ஜெபமாலை சொன்னேன், நீ எட்டு வயது, பதில் சொன்னாய். பழக்கத்தில் அந்த அதிக மந்திரத்துக்கு வந்தேன், பாதியில் அது யாருக்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது, அதோடு நிறுத்திவிட்டேன். இது யாருக்குப்பா என்று நீ கேட்டாய். நான் சொல்லவில்லை. அடுத்த வாரமே பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன், பிள்ளையிடம் சொல்ல இருபத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. அது எனக்கு, பிலவேந்திரா. நான் பொய் சொல்லி வாங்கியதை அந்தப் பையன் பொய் சொல்லாமல் வாங்கப் பார்க்கிறான். இதற்கு மேல் அவனை எப்படி எடைபோட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி ஆக வேண்டியது. நீ இந்தக் கடிதம் கிடைத்த அன்றே சாமியாருக்கு, நான் எழுதியது கேள்விப்பட்டது, கண்ணால் கண்டதல்ல, வாபஸ் வாங்குகிறேன் என்று உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு எக்ஸ்பிரஸ் டெலிவரியில் அனுப்ப வேண்டும், மே பத்தாந்தேதிக்குள் வர வேண்டும். சாமியார் பதினாலாந்தேதி இஸ்பிரீத்துசாந்து திருநாள் பூசையில் மூன்றாவது ஓலையைப் படிப்பார், பதினேழாந்தேதி புதன்கிழமை கலியாணம். நீ லீவு போட்டுவிட்டுப் பதினைந்தாந்தேதிக்குள் வந்து சேர வேண்டும், மாப்பிள்ளைத் தோழனாக யாரை வைப்பது என்று கேட்டதற்கு மச்சான் வரட்டுங்க என்று அவன்தான் சொன்னான். மருமகள் பிலோமினா அம்மாவுக்கு அந்த ஊர்க் கம்பளி முழங்காலுறை ஒன்று வாங்கி வர வேண்டும், முழங்காலுக்கு இதமாக இருக்கும். சிங்காரவேலுக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம், அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். வீராயி பதினாலாந்தேதிவரை பிராது கட்டுவதில்லை என்று ஒத்துக்கொண்டிருக்கிறாள், அதற்காக நான் ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கோடு வடக்குத்துக்குப் போய் உனக்காக மன்னிப்புக் கேட்கிறேன், இந்த வயதுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை. கொளஞ்சியப்பன் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. சலேத்துக்கு நீ தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும், சாக்குச் சொல்லாமல். அம்மாவைப் போலவே அவளும் இத்தனை நாளாக ஜெபமாலை முடிந்ததும் இன்னும் ஒருத்தருக்காக என்று ஒரு மந்திரம் அதிகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இரண்டு சொல்கிறாள். இரண்டாவது யாருக்கு என்று இங்கே யாரும் அவளைக் கேட்கவில்லை. நீ வந்து கேள்.

மாதாவின் ஆசீரும் எங்கள் இருவரின் ஆசீரும் உங்கள் நால்வர்மேலும் இருக்கட்டும். பத்தாந்தேதியை மறக்காதே.

உன் அப்பா,
மதலைமுத்து என்கிற கண்ணையன்